பி.இ. 10-இல் கிடைக்கும் டெக் பங்கா, 60-இல் விற்கும் வளர்ச்சிப் பங்கா?

நிதானி:
வணக்கம். பத்தாண்டுகளுக்குத் தொடப்போவதில்லை என்று ஒதுக்கிவைத்த ஒரு தொகையை டெக் நிறுவனப் பங்குகளில் போட எண்ணி, இரண்டு பங்குகளைச் சில மாதங்களாகக் கவனித்துவருகிறேன். ஒன்றின் பி.இ. (பங்கின் விலை, பங்கொன்றுக்கான ஆண்டு இலாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 10, ஈவுத்தொகை தருகிறது, ஆனால் விற்பனை மூன்று ஆண்டுகளாகச் சரிகிறது. மற்றதன் இலாபம் ஆண்டுக்கு 25 சதவீதம் வளர்கிறது, பி.இ. 60. மலிவானதே பாதுகாப்பு என்று தோன்றினாலும், அது இருந்த இடத்திலேயே கிடக்க, மற்றது கண்ணெதிரே ஏறுகிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

ஐந்தொகை:
ஏறுவதைப் பார்த்து எழும் ஆசையைச் சற்று ஒதுக்கிவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். பங்கொன்றுக்கு 1 டாலர் இலாபம் ஈட்டும் நிறுவனத்தின் பங்கை 60 டாலருக்கு வாங்குகிறீர்கள். அந்த இலாபம் 25 சதவீத வீதத்தில் தவறாமல் வளர்ந்தால் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 3.05 டாலராகும். அதற்குள் வளர்ச்சி தணியும் என்று கருதிச் சந்தை பி.இ.யை 20-க்கு இறக்கிவிட்டால், விலை 61 டாலர்தான். நிறுவனம் வாக்குத் தவறவில்லை, உங்களுக்குக் கிடைத்தது ஒரு டாலர். இணைய வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோவுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடிது: 2000 மார்ச்சில் 80 டாலரை ஒட்டி விற்ற பங்கு 2002-இல் 10 டாலருக்கும் கீழே போனது, பத்தாண்டுகளில் விற்பனை இரு மடங்கைத் தாண்டியும், 20 ஆண்டுகள் கழிந்து 2020-இலும் பழைய உச்சம் திரும்பியிருக்கவில்லை.

பழைய பங்குதாரர்:
கணக்கு சரி, ஆனால் மலிவுப் பக்கமும் அதே கணக்கைப் போட வேண்டும். இலாபம் ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்ந்தால், பி.இ. 10-லேயே நின்றாலும் ஐந்தாண்டில் விலை நாற்பது சதவீதம் கரைந்துவிடும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு வன்பொருள் நிறுவனத்தில், விலை இறங்க இறங்க இன்னும் மலிவு என்று வாங்கிச் சேர்த்தவன் நான். கடைசியில் ஈவுத்தொகையையும் நிறுத்தினார்கள். புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே 2011-இல் கணினித் துறையின் பழைய நிறுவனமான ஐபிஎம்மின் பங்குகளைப் பெருமளவில் வாங்கியதாக அறிவித்து, 2018-க்குள் முற்றிலும் விற்று வெளியேறினார். டெக் துறையில் பொருள் பழசாகிவிட்டால், நேற்றைய இலாபத்தை வைத்துப் போட்ட பி.இ.க்குப் பொருளே இல்லை.

தராசு:
மலிவும் வளர்ச்சியும் இரண்டு சாதி என்று பிரிப்பதே எனக்கு உடன்பாடில்லை. 2021 செப்டம்பரில் 380 டாலருக்குச் சற்று மேலே இருந்த மெட்டா (ஃபேஸ்புக்கின் நிறுவனம்), 2022 நவம்பரில் 90 டாலருக்குக் கீழே கிடைத்தது. அடுத்த ஆண்டே விற்பனை 16 சதவீதம் கூடியது. அன்று வாங்கத் துணிந்தவருக்கு வளர்ச்சியே மலிவாகக் கிடைத்தது. (அன்று நான் வாங்கவில்லை.) நிதானி அவர்களே, அந்த 25 சதவீதம் மொத்த இலாபத்தின் வளர்ச்சியா, பங்கொன்றுக்கான இலாபத்தின் வளர்ச்சியா? ஊழியர்களுக்குப் பங்குகளாகச் சம்பளம் தரும் நிறுவனங்களில் பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகலாம்.

நிதானி:
ஆண்டறிக்கையைப் புரட்டினேன், அது மொத்த இலாபம். பங்குகள் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடியிருப்பதால், பங்கொன்றுக்கான வளர்ச்சி 20 சதவீதம்தான். ஐந்தொகை அவர்களின் கணக்கில் இதைப் பொருத்தினால் 60 டாலர் 50 டாலராகிறது. ஆண்டுக்குப் பத்து சதவீதமாவது கிடைக்க வேண்டுமென்றால் 31 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. அந்த விலைக்கு வந்தால் வாங்குவேன். மலிவான பங்கைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.