ஹனிமூன்: 7 ராத்திரி, 6 ஊர். எந்த ஊரில் எத்தனை நாள் தங்குவது?

பாலக்கோடு_மாப்பிள்ளை

வணக்கம். ஜனவரி கடைசியில் கல்யாணம். மறுவீடு, இரண்டு பக்கத்து விருந்து எல்லாம் முடிந்து பிப்ரவரி முதல் ஞாயிறு தருமபுரியில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஏறுவதாக முடிவு. கையில் 7 ராத்திரி. அடுத்த திங்கள் இருவருக்கும் ஓசூரில் வேலை.

டிராவல்ஸில் போட்டுக் கொடுத்த கணக்கு: கொச்சி 1, மூணாறு 2, தேக்கடி 1, ஆலப்புழா படகு வீடு 1, வர்க்கலா 1, கோவளம் 1. "எல்லாத்தையும் பார்த்துரலாம் சார்" என்கிறார்கள். கட்டிக்கப் போறவங்களுக்குப் படகில் 2 ராத்திரி இருக்கணும்னு ஆசை. எங்க அம்மா குருவாயூரையும் சேர்க்கச் சொல்றாங்க. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது? வாடகை வண்டி இங்கிருந்தே எடுப்பதா, அங்கே போய் எடுப்பதா?

கெலமங்கலத்தான்

வாழ்த்துகள் தம்பி. முதலில் ராத்திரியை எண்ணுவதை விட்டுவிட்டுப் பகல் மணியை எண்ணுங்கள்.

ஹோட்டல்களில் பொதுவாக மதியம் 2 மணிக்கு அறை கொடுத்து, மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். ஆக ஒரு ராத்திரிக்குக் காசு கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 21 மணி நேரம். அதில் தூக்கம், குளியல், சாப்பாடு, பெட்டி கட்டுவது எல்லாம் போனால் மிஞ்சுவது முதல் நாள் சாயங்காலம் 3 மணி நேரம், மறுநாள் காலையில் ஒரு 2 மணி நேரம். 2 ராத்திரி தங்கினால் நடுவில் ஒரு முழுப் பகல் வரும், 3 ராத்திரி தங்கினால் இரண்டு. டிராவல்ஸ்காரர் கொடுத்த கணக்கில் 7 ராத்திரிக்கும் சேர்த்து முழுப் பகல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மூணாறில். மிச்ச நாளெல்லாம் வண்டியிலும் ரிசப்ஷனிலும் கழியும். ஊர் எண்ணிக்கை கூடினால் பேக்கேஜ் பார்க்கப் பெரிதாகத் தெரியும், அதனால் அப்படிப் போடுகிறார்கள்.

தூரத்தையும் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள். நம் ஊர் நாலுவழிச் சாலையில் 90 கி.மீ. என்றால் ஒன்றரை மணி நேரம். மூணாறிலிருந்து தேக்கடியும் ஏறக்குறைய 90 கி.மீ.தான், ஆனால் 3 முதல் 3½ மணி நேரம் ஆகும். தேக்கடி–ஆலப்புழா சுமார் 140 கி.மீ., 4 மணி நேரம். கொச்சி–மூணாறு 130 கி.மீ., அதுவும் 4 மணி நேரம். போதாததற்கு டிரைவர்கள் வழியில் 'ஸ்பைஸ் கார்டன்', சாக்லேட் கடை என்று நிறுத்துவார்கள். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை விழுங்கும். வேண்டாம் என்பதைக் காலையில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், பாதி வழியில் சொன்னால் மனஸ்தாபம்.

அடுத்தது, கல்யாணம் முடிந்த அசதி. இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இருக்காது. அதனால் முதல் ஊரில் 2 ராத்திரிக்குக் குறையவே கூடாது. முதல் ராத்திரி வண்டியை விட்டு இறங்கிப் படுப்பது, மறுநாள் 10 மணி வரை தூங்குவது, அவ்வளவுதான். டிராவல்ஸ்காரர் இதையே தலைகீழாக, முதல் ஊருக்கு 1 என்று போட்டிருக்கிறார்.

வர்க்கலாவையும் கோவளத்தையும் அடித்துவிடுங்கள். கடற்கரை கட்டாயம் என்றால் ஆலப்புழாவுக்குச் சற்று வடக்கே மாராரி இருக்கிறது, அதற்காகத் தெற்கே திருவனந்தபுரம் வரை இறங்க வேண்டியதில்லை.

தொப்பூர்_வளைவு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எத்தனை நாள் என்பதற்கு முன்னால் எந்த வரிசை என்பதைத் தீர்க்க வேண்டும்.

இந்தச் சுற்றில் நேரம் நம் கையில் இல்லாத விஷயம் படகு வீடு. ஆலப்புழாவில் மதியம் 12 மணி வாக்கில் ஏற்றி, மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். மலையிலிருந்து 12 மணிக்குள் வந்து சேர வேண்டும் என்றால் தேக்கடியில் 7.30-க்கே கிளம்ப வேண்டும். மூணாறிலிருந்து நேராக வருவதென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். தாமதமாக வந்தாலும் படகு இறக்கிவிடும் நேரம் மாறாது, நஷ்டம் உங்களுக்குத்தான்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். கொச்சியிலிருந்து ஆலப்புழா 55 கி.மீ., ஒன்றரை மணி நேரம். காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு நிதானமாகப் போய் 12 மணிக்குப் படகு ஏறலாம். மறுநாள் 9 மணிக்கு இறங்கி மூணாறுக்கு வண்டி ஏறினால் கிட்டத்தட்ட 170 கி.மீ. வழியில் சாப்பாட்டையும் சேர்த்து 3, 3.30-க்குப் போய்விடலாம். அறை தயாராக இருக்கும். எந்த இடத்திலும் பெட்டியோடு காத்துக் கிடக்க வேண்டாம்.

படகு கடைசியில் வந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. பெங்களூரு போகும் இன்டர்சிட்டி எர்ணாகுளத்தில் காலை 9 மணி வாக்கில் கிளம்புகிறது. படகு ஆலப்புழாவில் இறக்குவதும் 9 மணிக்கு. ரயிலுக்காகவே கொச்சியில் இன்னொரு ராத்திரி தங்க நேரும்.

படகில் 2 ராத்திரி பற்றி: வேண்டாம். மாலை 5.30-க்குள் படகைக் கரையில் கட்டியாக வேண்டும், ராத்திரி காயலில் மீனவர்கள் வலை போடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். அதனால் படகு ஓடுவது முதல் நாள் நாலு, நாலரை மணி நேரம், மறுநாள் காலையில் திரும்பி வரும் ஒரு மணி நேரம். இரண்டாம் நாளும் அதே காயல், அதே தென்னை, அதே கரிமீன். அந்தக் காசுக்கு முழு நேர ஏசி உள்ள நல்ல படகாக ஒரு ராத்திரிக்கு எடுங்கள். விலை குறைந்த படகுகளில் பெரும்பாலும் ராத்திரி 9 முதல் காலை 6 வரைதான் ஏசி ஓடும். முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். தண்ணீரில் இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றால் ஏறுவதற்கு முன் 2 மணி நேரம் ஷிகாரா என்ற சின்னப் படகை எடுங்கள். படகு வீடு நுழைய முடியாத சின்ன வாய்க்கால்களுக்குள் அதுதான் போகும்.

வண்டி: இங்கிருந்து எடுக்காதீர்கள். வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கி.மீ. என்று கணக்கு வைப்பார்கள். நீங்கள் படகில் உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் அந்தக் கணக்கு ஓடும், அதோடு டிரைவர் பேட்டா, கேரள பர்மிட் வரி. கொச்சியில் ஆட்டோவும் வாட்டர் மெட்ரோ படகும் போதும். ஆலப்புழா–மூணாறுக்கு ஒரு டாக்ஸி, மூணாறுக்குள் தேவைப்படும் நாளுக்கு மட்டும் ஆட்டோவோ ஜீப்போ பேசிக்கொள்ளுங்கள். சொந்தக் கார் ஓட்டிக்கொண்டு போகும் யோசனை இருந்தால், தூக்கமில்லாத வாரத்துக்குப் பிறகு தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

பர்கூர்க்காரர்

மூணாறுக்கு 3 ராத்திரி. டவுனிலிருந்து நாலு பக்கமும் பாதை பிரிகிறது, ஒரு நாளைக்கு ஒரு பாதை என்பதுதான் கணக்கு. ஒரே நாளில் இரண்டு பக்கம் போனால் நடுவில் டவுன் நெரிசலில் மாட்டுவீர்கள்.

நீங்கள் போகும் தேதியில் ஒரு முக்கியமான விஷயம்: இரவிகுளம் தேசியப் பூங்கா (ராஜமலை) வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடியிருக்கும். டிராவல்ஸ்காரரின் தாளில் 'ராஜமலை' என்று அச்சடித்திருந்தால் அது வேறு மாதத்துப் பழைய தாள். அந்தப் பக்கம் குறைவதால்தான் 3 போதும் என்கிறேன், இல்லையென்றால் 4 சொல்லியிருப்பேன்.

முதல் முழு நாள் மாட்டுப்பட்டிப் பாதை. எல்லோரும் மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை என்று வரிசையாக நின்று நின்று போய், 32 கி.மீ. தள்ளியுள்ள டாப் ஸ்டேஷனுக்கு உச்சி வெயிலில் போவார்கள். அதற்குள் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் அடைத்திருக்கும், வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நீங்கள் 6.30-க்குக் கிளம்பி நேராக டாப் ஸ்டேஷன் போய்விட்டு, மற்றதைத் திரும்பும் வழியில் பாருங்கள்.

இரண்டாம் நாள் கொழுக்குமலை சூரிய உதயம், உடம்பு ஒத்துழைத்தால் மட்டும். மலை இருப்பது நம் தேனி மாவட்டம், ஜீப் ஏறுவது கேரளத்து சூரியநெல்லியில். பாதை முழுக்கக் கல், குலுக்கி எடுக்கும். முதுகு வலி இருப்பவர்கள் யோசிக்கவும். வாடகை ஜீப்புக்குத்தான், ஆளுக்கு அல்ல. மூணாறு டவுனில் தங்கினால் 3 மணிக்கே எழ வேண்டும், சின்னக்கானல் பக்கம் தங்கினால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். 10 மணிக்குத் திரும்பி வந்து படுத்துவிட்டு, சாயங்காலம் கேப் ரோடு பக்கம் ஒரு நடை. அன்றைக்கு அது போதும்.

அறை பிடிக்கும்போது மேப்பில் பாருங்கள். 'மூணாறு' என்று விற்கும் ரிசார்ட்டுகளில் பல சித்திராபுரம், ஆனச்சால், பள்ளிவாசல் பக்கம் டவுனுக்கு 10, 15 கி.மீ. கீழே இருக்கின்றன. அங்கே தங்கினால் தினமும் போக வர ஒரு மணி நேரம் போகும். பிப்ரவரி ராத்திரியில் குளிர் கடுமையாக இருக்கும். வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று கேளுங்கள், சில இடங்களில் காலையும் மாலையும் மட்டும்தான்.

மேலே சொன்ன வரிசையில் தேக்கடியே இல்லை; அதை ஒரேயடியாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் போனால் 2 ராத்திரி போக வேண்டும். 1 ராத்திரி என்றால் அங்குள்ள ஏரியில் மதியம் 3.30 படகுச் சவாரி ஒன்றுதான் கைக்கு எட்டும். விலங்குகள் தண்ணீருக்கு வர வாய்ப்பு அதிகமுள்ள காலை 7.30 படகில் போனால் அடுத்த ஊருக்குக் கிளம்பப் பத்து மணி தாண்டிவிடும். காடு பிடிக்கும் என்றால் மூணாறில் ஒன்றைக் குறைத்துத் தேக்கடிக்கு 2. இல்லையென்றால் 0.

பாலக்கோடு_மாப்பிள்ளை

ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். தேக்கடி 0, பேசியாச்சு. படகு 1-க்கும் ஒத்துக்கிட்டாங்க, முழு நேர ஏசி என்ற நிபந்தனையோடு.

இப்போ இப்படி: ஞாயிறு, திங்கள் கொச்சி. செவ்வாய் படகு. புதன், வியாழன், வெள்ளி மூணாறு. சனி காலை கிளம்பி வீடு. 7-வது ராத்திரியை இன்னொரு ஊருக்குக் கொடுக்கலாமா? மூணாறிலிருந்து எந்த வழியாகத் திரும்புவது? குருவாயூர் இன்னும் பாக்கி.

தொப்பூர்_வளைவு

7-வது ராத்திரி வீட்டுக்கே இருக்கட்டும். ஞாயிறு துணி துவைத்து, தூங்கி எழுந்தால்தான் திங்கள் காலை ஓசூர் பஸ் ஏற முடியும். சனிக்கிழமை மூணாறில் அறை வாடகையும் கூட்டமும் ஏறும், அதற்கு முன்பே இறங்குவதுதான் நல்லது.

திரும்ப எர்ணாகுளம் போக வேண்டாம். மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு 85 கி.மீ., 3 மணி நேரம். டாக்ஸியை உடுமலை அல்லது திருப்பூர் வரை பேசுங்கள். திருப்பூரிலிருந்து சேலம் பஸ், அங்கிருந்து தருமபுரி. காலை 8 மணிக்குக் கிளம்பினால் ராத்திரி வீடு. மறையூரில் வெல்லம் வாங்கலாம், புவிசார் குறியீடு பெற்றது. முனியறைகள் எனும் பழங்காலக் கல்லறைகளையும் பார்க்கலாம். சின்னாறு காட்டுப் பாதை, இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும், நடுவில் வண்டியை நிறுத்தவும் கூடாது. வளைவுகளில் குமட்டல் வரும் என்றால் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பலன் இல்லை.

கெலமங்கலத்தான்

குருவாயூருக்குத் தனி நாள் ஒதுக்க வேண்டாம், அம்மாவுக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். ஞாயிறு இன்டர்சிட்டியில் எர்ணாகுளம் வரை போகாமல் திருச்சூரில் இறங்குங்கள், அங்கிருந்து 30 கி.மீ.க்குள்தான். மதியம் அடைத்த நடையைச் சாயங்காலம் திறந்த பிறகு நிதானமாகத் தரிசனம். ஞாயிறு காலை என்றால் அங்கே கல்யாணக் கூட்டத்தில் நிற்கவே முடியாது, மாலை பரவாயில்லை. ராத்திரி குருவாயூரிலேயே தங்கி, மறுநாள் 10 மணிக்கு மேல் எழுந்து கொச்சி போகலாம், 3 மணி நேரம்.

முதல் ஊரில் 2 ராத்திரி என்று நானே சொன்னதற்கு இது முரண்தான். ஆனால் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகிறது, அன்றைக்கு வேறு வேலையும் இல்லை. குறையப்போவது கொச்சியில் பாதிப் பகல். திங்கள் மதியம் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் கோட்டைக் கொச்சியில் சீன வலையைப் பார்த்தால் போதும். மட்டாஞ்சேரி அரண்மனையையும் யூதர் ஆலயத்தையும் உள்ளே பார்க்க ஆசையிருந்தால் செவ்வாய்தான் மிச்சம், ஆனால் அன்றைக்குப் படகு இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

கோயிலுக்குள் ஆண்களுக்கு வேட்டி மட்டும், சட்டை கிடையாது. அவங்களுக்குச் சேலை எடுத்து வைத்தால் யோசனையே வேண்டாம். இந்த இரண்டையும் பெட்டியின் அடியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். இருவரின் ஆதார் அட்டையும் அதிலேயே இருக்கட்டும், ஒவ்வொரு ஊரிலும் அறை கொடுக்கும்போது இருவருடையதையும் கேட்பார்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், டிசம்பர் தொடக்கத்திலேயே திருச்சூர் வரை போட்டுவிடுங்கள்.