புதுப்பிப்பு: மாணவர் உரக்குழு – நாற்றம் ஏன், உரத்தை எப்போது கொடுக்கலாம்?

6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்கள் சேவைக் குழுவாகச் சேர்ந்து, பள்ளிச் சமையலறையின் காய்கறிக் கழிவை உரமாக்கி அக்கம்பக்கத் தோட்டங்களுக்குக் கொடுக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அதன் கீழே அதிகம் வந்த கேள்வி: தொட்டி ஏன் நாறுகிறது?

எந்த நாற்றம் என்று முதலில் பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் மிகுந்து உள்ளே காற்று போகவில்லை. நன்றாகக் கிளறிச் சருகு சேர்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் காய்கறித் தோல் போன்ற பச்சைக் கழிவு கூடிவிட்டது. ஒரு வாளி காய்கறித் தோலுக்கு இரண்டு, மூன்று வாளி சருகு தேவை. பிள்ளைகள் தோலை ஆர்வமாகக் கொட்டுவார்கள், சருகை மறப்பார்கள். அதனால் சருகு மூட்டை தொட்டியை ஒட்டியே இருக்கட்டும். தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது. கையுறை கட்டாயம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் கிளறும் வேலை வேண்டாம், எடை குறிக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய 1 மீட்டர் இருந்தால்தான் குவியலில் சூடு நிற்கும். சிறு தொட்டியில் களை விதைகள் சாகாது, அவற்றைப் போடாதீர்கள். சமைத்த சோறும் இறைச்சியும் எலியை அழைக்கும்.

நீண்ட விடுமுறைக்கு முன் புதுக் கழிவை நிறுத்தி, மேலே சருகைக் கனமாக மூடுங்கள்.

சூடு அடங்கி மண்வாசனை வந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். உரத்தோடு மண் கலந்து 10 பச்சைப்பயறு விதையுங்கள். பெரும்பாலானவை முளைத்து இலை பச்சையாக வந்தால் தோட்டங்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.