பழைய பேரேட்டுத் தாளை ஜர்னலில் ஒட்டுவது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஆர்ட் ஜர்னலுக்காக (படம், எழுத்து, ஒட்டிய காகிதங்கள் கொண்ட கலைக் குறிப்பேடு) பழைய காகிதங்கள் சேர்த்து வருகிறேன். தாத்தாவின் மளிகைக்கடைப் பேரேடு, நீல இன்லேண்ட் கடிதங்கள், ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள், சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள் எல்லாம் இருக்கின்றன. கடிதங்களை வெட்ட மனம் வரவில்லை, அவை அப்படியே இருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பேரேடுதான். சிவப்புக் கோடுகள், ஊதா மை, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. ஆனால் தாள் பழுப்பேறி, மடித்தாலே ஒடிகிறது. மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள லிக்னினும் (மரத்தில் இயல்பாக இருக்கும் பொருள்) அமிலமும்தான் இந்தப் பழுப்புக்குக் காரணம். அமிலம் ஒட்டியிருக்கும் பக்கத்துக்கும் பரவும். நகல் எடுத்து ஒட்டலாம். லேசர் நகல் என்றால் பசை ஈரத்தில் மை கலையாது. ஆனால் அந்தச் சொரசொரப்பு நகலில் வராதே!

அசல் தாளையே ஒட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பின்பக்கம் மெல்லிய டிஷ்யூ தாள் கொடுத்தீர்களா? மைதாப் பசைக்குப் பூச்சி வரும் என்று பயமாக இருக்கிறது, பிவிஏ பசை (ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை) பரவாயில்லையா? ஊதா மை தண்ணீர் பட்டால் ஊறிப் பரவுகிறது, அதன்மேல் முதலில் எதைப் பூசுவது?

அப்புறம், எழுதாத பழைய பேரேடுகள் சென்னையில் எங்கே கிடைக்கும்? அல்லிக்குளம் மூர் மார்க்கெட் கடைகளில் தேடலாமா, பழைய பேப்பர் கடைகளே மேலா? மதுரை, கோவைப் பக்கம் கிடைத்தாலும் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.