நாம் இழுத்தால்தான் காற்றை விடும் மிஷின்: உங்கள் வீட்டில் என்ன ஆனது?

கோரிமேட்டான்:

அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைப்பு நோய், ஆறேழு வருடமாக. வீட்டில் பெரிய கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின், ராத்திரி முழுக்க நிமிடத்துக்கு 2 லிட்டரில் ஓடும், அதில் எந்தத் தொந்தரவும் இல்லை. நான் சொல்ல வந்தது தோளில் மாட்டிக்கொள்கிற சின்ன மிஷின். மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் 'புஸ்' என்று ஒன்று விடுமே, அது.

போன தை மாதம் ஏற்காட்டில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம், நாகலூர் பக்கம். அப்பா வரவேண்டாம் என்று நான், வந்தே தீருவேன் என்று அவர். சரி என்று அந்தச் சின்ன மிஷினை வாங்கினோம். கடைக்காரர் "5-ல வைங்க சார், 5 லிட்டருக்குச் சமம், ராத்திரிக்கும் இதுவே போதும்" என்றார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்வரை ஒன்றுமில்லை, குரங்குக்குக் கடலை வீசாதே என்று பேத்தியை அதட்டிக்கொண்டுதான் வந்தார்.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். பீப் பீப் என்று சத்தம். யாரோ வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். மூன்று நிமிடமா ஐந்து நிமிடமா, தெரியாது. எழுந்து பார்த்தால் அப்பா வாயைப் பிளந்து தூங்குகிறார், மூக்கில் குழாய் சரியாகத்தான் இருக்கிறது, மிஷின் மூச்சே இல்லை என்று கத்துகிறது. மூச்சு இருக்கிறது, வாய் வழியாகப் போய் வருகிறது. மூக்குக் குழாயில் இழுப்பு இல்லாததால் அதற்குத் தெரியவில்லை. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் 79 சதவீதம். எழுப்பினால் 88. கண் அயர்ந்தால் மறுபடி இறங்குகிறது. மலையிறங்கலாம் என்றால் வெளியே பனி, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

கடைசியில் அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தாடையைக் கீழிருந்து உள்ளங்கையால் தாங்கி வாயை மூடிப் பிடித்துக்கொண்டார். புஸ். புஸ். புஸ். 90 வந்தது. ஒரு கை வலித்தால் மறு கை. நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன் என்றதற்கு "நீ புடிச்சா அவரு முழிச்சுக்குவாரு" என்றார். விடியும்வரை அப்படியே. வெளிச்சம் வந்ததும் இறங்கிவிட்டோம், ஹோமத்துக்குக்கூட நிற்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

குகைத் தறி:

உங்களுடையது போல் இல்லை, ஆனால் அந்த 'புஸ் புஸ்' படித்ததும் எனக்கு வேறொரு சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் பையன் 28 வாரத்தில் பிறந்தான், 1 கிலோ 50 கிராம். முதல் நாள் சாதாரண வென்டிலேட்டர். அது போதவில்லை என்று மறுநாள் ஆசிலேட்டருக்கு மாற்றினார்கள். முன்கூட்டி யாரும் விளக்கவில்லை, அல்லது விளக்கியது என் காதில் ஏறவில்லை. கையைக் கழுவி கவுன் மாட்டி உள்ளே போனால், நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை. கழுத்திலிருந்து தொடைவரை நடுங்குகிறது, தொப்புள் பக்கம் தோல் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வலிப்பு என்று நினைத்து "சிஸ்டர்" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "இது ஆடினாதாங்க நல்லது, நின்னாதான் நாங்க ஓடி வருவோம்" என்றார்.

நிமிடத்துக்கு 600 தடவையாம். ஒவ்வொரு தடவையும் போகும் காற்று ஒன்றிரண்டு மில்லிதான். நுரையீரலை விரித்தபடியே பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் காற்றை உதறுகிறது, அவ்வளவு பிஞ்சு நுரையீரலை ஒவ்வொரு மூச்சுக்கும் ஊதிச் சுருக்கினால் கிழிந்துபோகும் என்றார்கள். நான் பிறந்ததிலிருந்து விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். தறி நிமிடத்துக்கு நூறு சொச்சம் அடிக்கும், ஒன்று தப்பினால்கூடத் தூக்கத்தில் தெரிந்துவிடும். இதை எண்ண முடியவில்லை.

வீட்டுக்காரி ஆபரேஷன் ஆகி கீழ் வார்டில். போனில் "மூச்சு வுடறானா?" என்று கேட்டாள். மிஷின் உதறுகிறது, அவன் விடவில்லை, இதற்கு என்ன பதில். "ம்" என்றேன். ஐந்தாறு நாளில் அது போய், மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுக்கிற, தண்ணிப் பாட்டிலில் குழாயை 5 சென்டிமீட்டர் முக்கி வைத்த பபுள் சிபாப் வந்தது. தண்ணியில் குமிழி வருகிறதா என்று பார்த்தே பொழுது போகும், குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். அதெல்லாம் மறந்துவிட்டது. அந்த "ம்" மட்டும் மறக்கவில்லை. அன்னைக்கு ஏன் இழுத்தாப்புல சொன்னீங்க என்று அவள் இன்றைக்கும் கேட்கிறாள்.

அஞ்சு ரோட்டுப் பெரியவர்:

கோரிமேட்டான் கோபித்துக்கொள்ளக் கூடாது. தப்பு மிஷினில் இல்லை, உங்களிடம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே 92 இருப்பவர் மேலே போனால் இறங்கத்தான் செய்வார். அங்கே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, 108 இருக்கிறது. அம்மாவை விடிய விடிய உட்கார வைத்தது என்ன நியாயம்?

என் அனுபவம் சின்னதுதான். 2021 மே மாதம், சேலம் உருக்காலையில் கொரோனாவுக்கு 500 படுக்கை போட்ட சமயம், கிடைத்தால் போதும் என்று கேட்ட விலை கொடுத்து ஒரு கான்சன்ட்ரேட்டர் வாங்கினேன். 10 லிட்டர் என்று எழுதியிருந்தது. மூன்றுக்கு மேல் திருகினால் மஞ்சள் விளக்கு எரியும், ஆக்சிஜனின் தூய்மை இறங்கிவிடும். அவ்வளவுதான்.

எல்லோருக்கும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எந்த மிஷின் வாங்கினாலும் தூய்மை 90-க்கு மேல் வருகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், முழு லிட்டரில் வைத்து, அரை மணி ஓடின பிறகு. பின்பக்க ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி நிழலில் காயவையுங்கள், ஈரத்தோடு மாட்டாதீர்கள், உள்ளே இருக்கிற ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது, நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் வேலையை விட்டுவிடும். ஈரப்பதப் பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆறின கொதிநீரோ டிஸ்டில்டு வாட்டரோ. வீட்டு மிஷின் 350 வாட் இழுக்கும், 150 ஏஹெச் பேட்டரி இன்வெர்ட்டர் மூன்று, மூன்றரை மணி தாங்கும், அதற்குமேல் நம்பாதீர்கள். பி டைப் சிலிண்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், 1,500 லிட்டர், 2-ல் வைத்தால் 12 மணி நேரம். சாமி விளக்கு இருக்கும் அறையில் வைக்காதீர்கள். ராத்திரியில் ஆக்சிமீட்டரில் அளவு குறைந்தால் மிஷினில் லிட்டரை ஏற்றிவிடுங்கள், 98 வரும்வரை ஏற்றலாம். அந்தத் தறிக்காரத் தம்பி சொன்ன ஆசிலேட்டரைப் பெரியவர்களுக்கும் போட்டிருந்தால் கொரோனாவில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள், ஏன் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

பழைய ஐசியூ அக்கா:

பெரியவரே, ஃபில்டரும் சிலிண்டரும் சரி. கடைசியில் சொன்ன இரண்டும் தப்பு, யாராவது படித்துவிட்டுச் செய்துவைப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

சிஓபிடி-காரருக்கு 98 வேண்டாம். 88-லிருந்து 92 போதும். சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறி ஏற்றினால் கரியமில வாயு உடம்பிலேயே தங்கி, காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டில் எல்லோரும் அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்று நினைப்பார்கள். ஆசிலேட்டரைப் பெரியவர்களுக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. 2013-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்றில் பலனே இல்லை, மற்றதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், அந்த மிஷினில் இருந்தவர்களில் 47 சதவீதமும் சாதாரண வென்டிலேட்டரில் 35 சதவீதமும் இறந்ததால். குழந்தைக்கு உதவுவது பெரியவருக்கும் உதவும் என்றில்லை.

கோரிமேட்டான் தம்பி, தப்பு உங்களிடம் இல்லை. அந்த 5 என்பது லிட்டர் இல்லை, வெறும் எண். இதில் பல மிஷின்கள் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைத்துப் பங்கு பிரிக்கும். 400 மில்லி ஒதுக்கியிருந்தால், 20 மூச்சு விடுகிறவருக்கு ஒரு புஸ்ஸில் 20 மில்லி, மூச்சிரைத்து 40 விடுகிறவருக்கு 10 மில்லி. தேவை கூடும்போது புஸ் சின்னதாகும். மூச்சு தெரியவில்லை என்றால் சில மாடல்கள் தானாகவே ஒரு கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும், அதில் பாதி, மூச்சை வெளியே விடும்போது போய் வீணாகும். தூங்கும்போது, இடைவிடாமல் காற்று விடுகிற மிஷின்தான் சரி. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளுகிற பைபாப் மிஷினோடு சேர்த்து மாட்டவும் கூடாது, அந்தக் காற்றில் இதற்கு இழுப்பே புரியாது.

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். ஓமலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர், பைபாப் மாஸ்க்கைக் கட்டியதும் பிய்த்து எறிந்தார். மறுபடி கட்டினோம், கையைப் பிடித்துக்கொண்டு. நாலாவது தடவை என்னைப் பார்த்து, "கண்ணு, எம்மூஞ்சிய அமுக்கிக் கொன்னுபுடாத" என்று கும்பிட்டார். நான் பட்டையை அவிழ்த்து மாஸ்க்கை அவர் கையில் கொடுத்து, நீங்களே வைத்துப் பாருங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள் என்றேன். வைத்தார், எடுத்தார், வைத்தார். அரை மணியில் கை தளர்ந்து தூங்கிவிட்டார், மாஸ்க் முகத்திலேயே இருந்தது. அதற்கு முன்னால் மூன்று தடவை கையைப் பிடித்துக் கட்டினோமே, அதுதான்.

கோரிமேட்டான்:

பெரியவருக்கு: 108 கூப்பிடப் போனேன், அப்பா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார், விசேஷ வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கக் கூடாதாம். எழுதும்போது இதை விட்டுவிட்டேன். உயரம் தெரியும், அழுத்தம் தெரியும், எல்லாம் மறுநாள் தெரிந்தது.

அக்கா, தாடைப் பட்டை என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அது கட்டினால் போதுமா?

பழைய ஐசியூ அக்கா:

டாக்டர் சொல்லாமல் வாயைக் கட்டாதீர்கள் தம்பி. மூக்கு அடைத்திருந்தாலோ வாந்தி வந்தாலோ என்ன ஆகும்? பெரிய மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள், இருபது கிலோதான்.

ஒண்டிக்கடை:

ஏற்றிக்கொண்டு வந்தாலும் இங்கே ஏற்காட்டில் கரண்டு வேண்டுமே அக்கா. இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழையில் சில்வர் ஓக் ஒன்று கம்பி மேல் விழுந்து, சாயங்காலம் போன கரண்டு மறுநாள்தான் வந்தது. அம்மா 2 லிட்டரில் இருந்தார். பெரியவர் சொன்ன இன்வெர்ட்டர், பி டைப் சிலிண்டர் எல்லாம் எங்களிடமும் இருந்தது. இன்வெர்ட்டர் ஒன்பதரைக்கு நின்றது. சிலிண்டரைத் திறக்கும் சாவியைக் காணோம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சமையலறை, மிளகு மூட்டை வைக்கும் அறை, மாட்டுக்கொட்டகை என்று தேடுகிறேன். அம்மா கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து விளக்கை ஊதுகிற மாதிரி ஊதிக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஜீப் டூல் கிட்டில் இருந்த ஸ்பேனரைப் போட்டு, வழுக்கி வழுக்கித் திருகித் திறந்தேன், வால்வு முனை கொஞ்சம் மழுங்கிப் போனது. சாவி அப்புறம் கிடைத்தது, தம்பி அதைத் தேங்காய் உடைக்க எடுத்துப் போயிருக்கிறான்.

இப்போது சிலிண்டர் கழுத்திலேயே சணல் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் திருஷ்டிக்கா என்று கேட்கிறார்கள்.

கோரிமேட்டான்:

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குகைக்காரரே, உங்கள் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

குகைத் தறி:

யூகேஜி போகிறான் என்று சொல்லுங்கள். மூச்சு விடாமல் பேசுகிறான்.