ஐஸ் மேக்கர் நின்னுடுச்சு: யூனிட்டையே மாத்தணுமா?

மொட்டைமாடி:
சைடு-பை-சைடு ஃபிரிட்ஜ், குழாய் இணைப்பு கொடுத்தது. கொஞ்ச நாளா ஐஸ் கட்டி சின்னதாகி, நடுவுல பொள்ளலா விழுந்துச்சு. இப்ப சுத்தமா நின்னுடுச்சு. டிஸ்பென்சர்ல தண்ணி ஒல்லியாதான் வருது. ஃபிரீசர் -18 காட்டுது. ஃபில்டர் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆகுது. வீடு சென்னையில, கடைசி மாடி. சர்வீஸ் ஆள் ஐஸ் மேக்கர் யூனிட்டையே மாத்தச் சொல்றார். மாத்தலாமா?

கம்ப்ரசர்காரன்:
யூனிட்டை இப்ப தொடாதீங்க. கட்டி சின்னதாகிட்டே வந்து நின்னிருக்குன்னா மோட்டாரும் ஹீட்டரும் கடைசி வரைக்கும் ஓடியிருக்கு, குறைஞ்சது தண்ணி. பெட்டியை வெளிய எடுத்து, ஐஸ் அளவு பார்க்கிற கம்பி தூக்கினபடி நிக்குதான்னு பாருங்க. நின்னா, பெட்டி நிரம்பிடுச்சுன்னு மெஷின் நிறுத்திக்கும்.

கம்பி சரியா இருந்தா, பின்சுவர்ல இருந்து ட்ரேக்கு மேல வர்ற குழாய் முனையில டார்ச் அடிங்க. பெரும்பாலும் வெள்ளையா உறைஞ்சு அடைச்சிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, சிரிஞ்சுல வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சங்கொஞ்சமா பீச்சி இளக்குங்க, கீழே துணி வெச்சுக்கோங்க. ஸ்க்ரூ டிரைவர் விட்டுக் குத்தாதீங்க, குழாய் கிழிஞ்சா அப்புறம் அது தனிச் செலவு.

பிறகு டிஸ்பென்சர் தண்ணியை 10 விநாடி அளவு ஜாடியில பிடிங்க. 170 மில்லியாவது வரணும். ஃபில்டரைக் கழட்டி, அந்த இடத்துல பைபாஸ் மூடி (ஃபில்டர் இல்லாமலே தண்ணியை விடற மூடி) போட்டும் ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க.

மொட்டைமாடி:
கம்பி சரியாதான் இருக்கு. குழாய் முனை அடைச்சிருந்துச்சு, இளக்கிட்டேன். ஃபில்டரோட 70 மில்லி, இல்லாம 80. சொல்ல விட்டுப்போச்சு: மாடி பிரஷர் பம்ப்பை ரிப்பேருக்குன்னு அசோசியேஷன்ல கழட்டிட்டாங்க, தண்ணி டேங்க்ல இருந்து நேரா வருது.

குழாயடி:
அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். ஃபில்டர் மேல தப்பில்லை, ரெண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசமில்லை பாருங்க.

டேங்க் நீர்மட்டத்துல இருந்து ஃபிரிட்ஜ் வால்வு வரைக்கும் ஒரு மீட்டர் இறக்கத்துக்குச் சுமார் 1.4 பிஎஸ்ஐ (தண்ணி பிரஷரை அளக்கிற அலகு) கிடைக்கும். கடைசி மாடியில அஞ்சு மீட்டர்னு வெச்சாலும் 7 பிஎஸ்ஐதான். இந்த மாதிரி ஃபிரிட்ஜுக்குக் குறைஞ்சது 20 வேணும், அதாவது 14 மீட்டர் இறக்கம். அதே கட்டடத்துல நாலு மாடி கீழே இருந்தா பம்ப் இல்லாமலே ஓடிடும்.

முனை ஏன் உறையுதுன்னா, ஃபிரிட்ஜ் பின்னாடி அடியில, தண்ணியை உள்ளே விடற இன்லெட் வால்வுக்குள்ள ஒரு ரப்பர் டயஃப்ரம், அதாவது சவ்வு உண்டு. வால்வுக்கு வர்ற கரண்ட் நின்னதும் அதை அழுத்தி மூடறது முக்கியமா தண்ணியோட பிரஷரேதான். பிரஷர் இல்லைன்னா ஒழுங்கா மூடாம சொட்டும், அந்தச் சொட்டு ஃபிரீசர் பக்கம் போய் உறையும். புது யூனிட் மாட்டினாலும் இதேதான் நடக்கும்.

யாராவது ஆர்ஓ மெஷின் டேங்க்ல இருந்து இழுக்கச் சொன்னா கேட்காதீங்க, சுவர்ல மாட்டற மெஷின்ல வெளிய வர்ற தண்ணிக்குப் பிரஷரே கிடையாது.

கம்ப்ரசர்காரன்:
குழாயடி சொன்னது சரி. பம்ப் வர்ற வரைக்கும் ஐஸ் மேக்கரை ஆஃப் பண்ணி, ஃபிரிட்ஜுக்குப் போற ஆங்கிள் வால்வையும் மூடிடுங்க. அவசரம்னா 24 வோல்ட் ஆர்ஓ பூஸ்டர் பம்ப் ஒண்ணு அந்த லைன்ல போடலாம். ஆனா 60 பிஎஸ்ஐக்குள்ள கட் ஆகிற பிரஷர் சுவிட்ச் கட்டாயம், இல்லைன்னா வால்வு மூடின பிறகும் தள்ளிட்டே இருக்கும்.

பம்ப் வந்ததும் இன்லெட் வால்வு வாயில இருக்கிற சின்ன வலையைக் கழுவுங்க, போர் தண்ணி வீடுகள்ல உப்பும் மண்ணும் அங்கதான் படியும். அப்புறம் ஐஸ் மேக்கரை ஆஃப்லயே வெச்சு, குழாய் முனைக்குக் கீழே ஒரு கிண்ணம் வெச்சு அரை மணி பாருங்க. பிரஷர் இருந்தும் சொட்டினா வால்வை மாத்தணும், யூனிட்டை இல்லை. சொட்டலைன்னா ஆன் பண்ணிடுங்க. முழு அளவுக் கட்டி வர ஒரு நாள் ஆகும், முதல் ரெண்டு மூணு ஈடு ஐஸைக் கொட்டிடுங்க.