கிராணிக்கு நினைவிருந்த பெயர்கள்

சேரன்மகாதேவி வட்டாரத்தில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீரை நம்பி நெல் விளையும் ஒரு சிற்றூரில் நான் 1983 முதல் பதினோரு ஆண்டுகள் தபால்காரனாக இருந்தேன். மாதந்தோறும் முதியோர் உதவித்தொகை மணியார்டர் கொடுக்க வேண்டிய வீடுகளில் இரண்டு, ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. ஒன்றில் ஊரார் ‘சயாம்காரர்’ என்று அழைத்த பெரியவர் இருந்தார். மற்றதில் இருந்தவர் கண்பார்வை முழுவதும் போனவர். அவருக்குக் ‘கிராணி’ என்பதே பெயராக நிலைத்திருந்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் கணக்கெழுதும் குமாஸ்தாவைத் தமிழர்கள் அப்படித்தான் அழைப்பார்கள்.

ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக எழுதிய அந்தக் கிராணி கைநாட்டு வைத்துத்தான் பணம் வாங்குவார். கைநாட்டு என்றால் எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு மாதமும் தெருவைக் கடந்து வந்து அதைப் போட்டவர் சயாம்காரர். வயதான பிறகு எழுத்துப் படித்தவருடைய கை அது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே நட்டு வைப்பதுபோல் எழுதுவார். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் என்னைத் ‘தம்பி’ என்று அழைக்க, அவர் மட்டும் ‘போஸ்டுமேன்’ என்றே அழைத்தது அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அந்த இருவருக்கும் நடுவே இருந்ததை அவர் ஒரே நாளில் உட்கார்ந்து சொல்லவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில், பணத்தை எண்ணிக் கொடுக்கிற நேரங்களில், துண்டு துண்டாகச் சொன்னார். 1937இல் தன் தம்பியுடன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலைக்குப் போனவர் அவர். (மறு ஆண்டே, இந்திய அரசு தோட்டக் கூலிகளை மலேயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது.) 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. வெள்ளைக்கார துரை போய்விட்ட தோட்டத்தில் கிராணியே துரையானார். அவரும் இவர்களுடைய ஊர்க்காரர்தான். 1943இன் தொடக்கத்தில் ஜப்பானிய அதிகாரி வந்து நாற்பது ஆட்கள் வேண்டும் என்றபோது பட்டியல் எழுதியவர் அவரே. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று, காலையில் கூலிகளைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வாசித்தார்களாம். பட்டியலில் அண்ணன் பெயரும் இருந்தது, தம்பி பெயரும் இருந்தது.

அவர்களைக் கொண்டுபோனது சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு. சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பான்போங்கில் தொடங்கிப் பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்த ரயில் பாதையை, மலையைக் குடைந்தும் மூங்கில் காட்டை வெட்டியும், 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் இணைத்து முடித்தார்கள். வேலை செய்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் பேர்வரை இருந்தார்கள் என்றும், செத்தவர்கள் 90,000 இருக்கலாம் என்றும் கணக்கிடுகிறார்கள். கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள். கட்டுப்பாட்டுக்கு மேலதிகாரி ஒருவரும் இருந்தார். கூலிகளுக்குத் தங்களுக்கென்று அப்படி யாரும் இல்லை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

தம்பியைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். உயிர் இருக்கும்போதே அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. என்னை ஏன் தம்பி என்று அழைப்பதில்லை என்பதும் அன்றே விளங்கியது. தான் பிழைத்த கதையை மட்டும் ஓரளவு விரிவாகவே சொல்வார். கொதிக்காத தண்ணீர் ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாமல் பார்த்துக்கொண்டாராம். பக்கத்து முகாமின் வெள்ளைக்காரக் கைதிகள் தண்ணீரைக் காய்ச்சுவதைப் பார்த்து, ஒரு தகர டப்பாவை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்தாராம். தாமிரபரணித் தண்ணீரின் ருசியை ஊரே மெச்சிக்கொண்டிருக்க, சித்திரை வெயிலிலும் அவர் வீட்டில் வெந்நீர்தான். நான் தாகத்தோடு போய் நின்றாலும் அதையே கொடுப்பார்.

1946இல் தனியாக ஊர் திரும்பினார். கிராணி ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வந்து, எதிர்வீட்டிலேயே குடியேறினார்.

“வெட்டிரணும்னுதான் இருந்தேன், போஸ்டுமேன். அருவாளைத் தீட்டிக்கூட வச்சிருந்தேன். எங்கம்மைக்கு ரெண்டு புள்ளையில ஒண்ணுதான் மிச்சம். நான் செயிலுக்குப் போயிட்டா அவ என்ன செய்வா? அவ போகட்டும்னு இருந்தேன். அவ போகையில பதினோரு வருசம் ஆயிருச்சு. அதுக்குள்ள கை ஆறிப்போச்சு.”

இதை மன்னிப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. அவரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவர் செய்த ஒரே காரியம், ஊரில் நடந்த இராப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான். தன் பெயரை இனி இன்னொருவன் எழுதக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

கிராணியின் மனைவி இறந்தபோது, தெரு வழக்கத்துக்காகத் துட்டிக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் போன பிறகு கிராணி தானாகவே, “உம்ம பேரையும் உம்ம தம்பி பேரையும் நாந்தாம்வே எழுதினேன்” என்றாராம். தெரியும் என்று இவர் சொன்னார். அதன்பின் கிராணி, கேட்காமலே, அந்த நாற்பது பேரில் நினைவுக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்: பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், தோட்டக் கூலிகளின் குடியிருப்பான லயத்தில் எந்த வீடு என்பதுவரை. தம்பியின் பெயர் பதினேழாவதாக வந்ததாம். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ரயில் பாதை ஓடிய சயாமின் காஞ்சனபுரியில் உள்ள போர் மயானத்தில் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்த பலகை உண்டு. கூலிகளுக்கு அங்கே அப்படி எதுவும் இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு இருந்த ஒரே பதிவேடு, அவர்களை அனுப்பிவைத்தவருடைய ஞாபகம்தான். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை சயாம்காரர் ஒரு நாற்பது பக்க நோட்டோடு எதிர்வீட்டுக்குப் போனார். முதலில் கிராணிக்குப் பார்வை மங்கியது, பிறகு முழுவதும் போனது. அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். சில பெயர்களைப் பிடிக்க மாதக்கணக்காயிற்று. இருவரும் சண்டை போட்டுக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன்.

1952இல் ஜப்பானோடு செய்த சமாதான ஒப்பந்தத்தில் இந்தியா நட்ட ஈடு எதுவும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. இதை ஒருமுறை அவரிடம் சொன்னேன், நாடே பெருந்தன்மையாக நடந்துகொண்டது என்கிற தொனியில். அவர் சிறிது யோசித்துவிட்டு, “எங்கிட்ட யாரும் கேக்கலையே” என்றார். அன்றுமுதல், பிறருக்காக மன்னிக்கிற பேச்சுகளைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

1989 ஐப்பசியில் கிராணி இறந்தார். பெறுபவர் காலமானார் என்று எழுதி அவருடைய மணியார்டரைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் சயாம்காரர் தன் நோட்டை என்னிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். பக்கத்துக்கு ஒரு பெயர், கீழே ஊரும் தகப்பன் பெயரும். 37 பக்கங்கள் நிறைந்திருந்தன. 38, 39, 40 என்று எண் மட்டும் இட்ட மூன்று பக்கங்கள் காலியாக இருந்தன. கிராணியின் பெயரைக் கடைசியில் எங்காவது சேர்த்திருப்பாரோ என்று பின்னட்டைவரை புரட்டிப் பார்த்தேன். இல்லை. ஏனோ அது எனக்குச் சரியாகவே பட்டது.

பிழைகளைச் சொன்னேன், திருத்திக்கொண்டார். தன் மணியார்டரில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடியவர், பூட்டிக் கிடந்த எதிர்வீட்டைச் சிறிது நேரம் பார்த்தார்.

“இன்னும் மூணு பேரு பாக்கி, போஸ்டுமேன்” என்றார்.