ஸ்வெர்வ் என்ற ஆங்கிலச் சொல்லை எங்கெல்லாம் ஆளலாம்?

கேள்வி:
வணக்கம். சாலையில் குறுக்கிட்ட நாயின்மேல் மோதாமலிருக்க ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார் என்ற செய்தியிலும், ஒருவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை என்ற கட்டுரையிலும் 'ஸ்வெர்வ்' என்ற ஒரே வினை வந்திருந்தது. 'டர்ன்', 'வீர்' ஆகியவற்றிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது? தெருமுனையில் வலப்புறம் திரும்பினேன் என்பதற்கும் இதை எழுதலாமா?

மறுமொழி 1:
எழுதக் கூடாது. தெருமுனையில் திரும்புவது முன்பே எண்ணிச் செய்வது; அதற்கு 'டர்ன்' போதும். நேராகச் சென்றுகொண்டிருக்கும் ஒன்று, எதிர்ப்பட்டதைத் தவிர்க்கவோ கட்டுப்பாடு இழந்தோ, தன் பாதையைவிட்டுச் சட்டென்று விலகுவதே 'ஸ்வெர்வ்'; விலகியபின் அது பழைய பாதைக்கே திரும்பிவிடவும் கூடும். 'வீர்' என்பதோ திசையே மாறுவதைக் குறிப்பது. அம்மாற்றம் மெல்லவும் நிகழலாம். வானிலையியலில் காற்று வலஞ்சுழியாகத் திசை மாறுவதற்கு அதுவே கலைச்சொல்.

மறுமொழி 2:
கொள்கை, கடமை, உறுதி ஆகியவற்றோடு வரும்போது இவ்வினை பெரும்பாலும் எதிர்மறையிலேயே வருகிறது என்பதைக் கேட்டவர் கவனிக்க வேண்டும். 'நெறி வழுவாத' என்று நாம் இயல்பாகச் சொல்வதும், 'நெறி வழுவிய' என்பதை அதைவிட அரிதாகவே சொல்வதும் ஏறத்தாழ இதே போக்குதான். ஆகவே 'அன்ஸ்வெர்விங்' என்ற பெயரடையை 'வழுவாத' என்றே பெயர்த்துவிடலாம். 'திரும்பாத' என்றால் பொருள் கெட்டுவிடும். (பழைய ஆங்கிலத்தில் இதன் மூலவினைக்குத் தேய்த்தல், அராவுதல் என்றே பொருள், விலகுதல் என்ற பொருள் பின்னர் வந்தது.)

மறுமொழி 3:
முதல் மறுமொழியில் ஒரு திருத்தம் தேவை. 'சட்டென்று' என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சுழலவிட்டு உதைத்த கால்பந்து காற்றில் வளைந்து செல்வதையும் 'ஸ்வெர்வ்' என்றே சொல்கிறார்கள். அந்த வளைவு பந்து பறக்கும்போது தொடர்ந்து நிகழ்வது. பெரிய விலகலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டு உரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ், நேர்கீழாக விழும் அணுக்கள் மிக மிகச் சிறிதளவு பிறழ்வதாலேயே ஒன்றோடொன்று மோதி உலகம் உண்டாகிறது என்று பாடினார். அவர் அதற்கு இட்ட 'கிளினாமென்' என்ற இலத்தீன் சொல்லை ஆங்கிலத்தில் 'ஸ்வெர்வ்' என்றே பெயர்ப்பது வழக்கம். செல்லவேண்டிய கோடு ஒன்று இருப்பதும் அதிலிருந்து பிறழ்வதும் மட்டுமே இச்சொல்லுக்கு இன்றியமையாதவை. வேகம் இடத்துக்கு இடம் மாறும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. 'வண்டி விலகியது', 'வண்டியை விலக்கினார்' என இரு வகையிலும் இவ்வினையை ஆளலாமா?

மறுமொழி 2:
ஆளலாம். ஆயினும் செயப்படுபொருள் இல்லாமல் வருவதே மிகுதி.